கேமராவுக்குத் தும்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வால்வு வார்க்கும் தொழிற்சாலை ஒன்று. பெயர் வேண்டாம். கேட்லாகுக்காக 140 பீஸ் படமெடுத்துத் தர வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு நாள் வேலை. ஷெட்டின் மூலையில் வெள்ளைத் துணி கட்டி, இரண்டு சாஃப்ட்பாக்ஸ் நிறுத்தி, வால்வுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துச் சுட்டுத் தள்ளினேன். கேமராவின் முதுகில் இருக்கும் 3 அங்குலத் திரையில் எல்லாமே பளிச்சென்று இருந்தன. பெருமையாகக் கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மின்சார ரயிலேறிப் பொன்னேரி வந்து சேர்ந்தேன்.

ராத்திரி கம்ப்யூட்டரில் திறந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஃபோகஸ் பாதிப் படங்களில் கைச்சக்கரத்தின் முன்விளிம்பில் போய் உட்கார்ந்திருந்தது. வாங்குகிறவன் முதலில் பார்ப்பது உடம்பில் வார்த்திருக்கும் அளவையும் ஹீட் நம்பரையும். எந்த உலைவார்ப்பில் பிறந்த இரும்பு என்று சொல்லும் ஜாதகம் அந்த நம்பர்தான். அது தண்ணீருக்குள் பார்த்தது போலக் கலங்கிக் கிடந்தது. மறுநாள் ஓடினால், நான் எடுத்த பீஸ்களில் பல லாரி ஏறி ஆந்திர எல்லையைத் தாண்டியிருந்தன.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். மாட்டைக் கட்டியிருக்கும் கயிறு தும்பு. அது கையில் இருக்கும்போது சும்மா இருந்துவிட்டு, மாடு ஓடிய பிறகு வாலைப் பிடிக்கத் தாவுவது. அன்றைக்கு நான் செய்தது அதுதான்.

இந்தப் பழமொழி பின்னால் வேறு ஒரு வகையில் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. கேமராவை ஒயரால் கம்ப்யூட்டரோடு பிணைத்து, எடுக்க எடுக்கப் படம் பெரிய திரையில் விழும்படி செய்வதை எங்கள் தொழிலில் ‘டெதர் போடுவது’ என்கிறோம். டெதர் என்றால் என்ன என்று அகராதியில் பார்த்தேன். மாட்டை முளைக்குச்சியில் கட்டும் கயிறு என்று போட்டிருந்தது. நம்ம தும்புதான்.

இந்தத் தும்பை முதலில் முறுக்கியவர்கள் யார், எதற்காக என்று தேட ஆரம்பித்தேன். 140 பீஸில் பாதியைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தவனுக்கு இந்த ஆர்வம் வந்ததில் ஆச்சரியமில்லை.

டிஜிட்டல் கேமராவின் பிறப்பை எல்லாரும் ஒரே இடத்தில் தொடங்குவார்கள். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் ஒளியை மின்சாரமாக்கிச் சேர்த்துவைக்கும் சிசிடி சில்லைக் கண்டுபிடித்தார்கள். 2009-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 1975 டிசம்பரில் கோடாக் நிறுவனத்தில் 25 வயது ஸ்டீவன் சாஸன் அந்த வகைச் சில்லு ஒன்றைப் பழைய சூப்பர் 8 சினிமா கேமராவின் லென்ஸுக்குப் பின்னால் வைத்து ஒரு பெட்டி கட்டினார். எடை 3.6 கிலோ, 16 பேட்டரி. நீளவாக்கில் 100 புள்ளி, அகலவாக்கில் 100 புள்ளி. ஒரு படத்தை ஆடியோ கேசட் போன்ற நாடாவில் எழுதி முடிக்க 23 நொடி. பிலிம் ரோலில் 24 படமோ 36 படமோ இருக்கும் என்பதால், நடுவில் பார்த்து ஒரு கேசட்டுக்கு 30 படம் போதும் என்று அவர் வைத்துக்கொண்டாராம். இந்தச் சின்ன விவரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அளவே தெரியாத புது உலகத்துக்குப் போகிறவனும் பழைய மரக்காலைத்தான் எடுத்துக்கொண்டு போகிறான்.

டிஜிட்டலைத் தானே செய்துவிட்டுப் பிலிமையே நம்பிக் கோடாக் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதையை உலகமே சொல்லி முடித்துவிட்டது. என் கண் அந்தக் கேசட்டின் மேல்தான் போனது. கேமராவிலிருந்து கழற்றி, வேறு ஒரு கருவியில் போட்டு, டிவியில் பார்க்க வேண்டும். அப்படியென்றால் சாஸனின் கேசட், என் சட்டைப்பையில் இருந்த கார்டின் கொள்ளுத்தாத்தா. ஒயரின் வம்சம் வேறு எங்கோ இருக்கிறது.

அந்த வம்சம் 1991-இல் தட்டுப்படுகிறது. அதுவும் கோடாக்கின் வேலைதான். நிக்கான் எஃப்3 கேமராவின் முதுகைக் கழற்றி 13 லட்சம் புள்ளிகள் கொண்ட சில்லைப் பொருத்தி, டிசிஎஸ் என்ற பெயரில் விற்றார்கள். விலை 20,000 டாலர் அளவில். ஆனால் அந்தக் கேமராவுக்குள் படத்தை வைத்துக்கொள்ள இடம் கிடையாது. ஒரு தடித்த ஒயர் புறப்பட்டு, போட்டோகிராபரின் தோளில் தொங்கும் பெட்டிக்குப் போகும். பெட்டிக்குள் 200 எம்பி ஹார்டு டிஸ்க், சின்னக் கறுப்பு வெள்ளைத் திரை, பேட்டரி. சுருக்காமல் வைத்தால் 156 படம் பிடிக்கும். பத்திரிகைக்காரர்களை நினைத்துச் செய்தது அது. கலவரத்துக்கு நடுவே தோளில் பெட்டியும் கழுத்தில் கேமராவும் இடையில் ஒயருமாக ஓடுகிறவனைக் கற்பனை செய்து பாருங்கள். கன்றுக்குட்டியைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு ஓட்டப்பந்தயத்துக்கு வந்தவன் மாதிரி இருந்திருப்பான்.

அவர்கள் கயிற்றை அறுக்கத்தான் பார்த்தார்கள். மறு வருஷமே டிசிஎஸ் 200 வந்தது; ஹார்டு டிஸ்க் கேமராவின் அடிவயிற்றுக்குள் போய்விட்டது. 1994-இல் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு வந்ததும் பத்திரிகைப் போட்டோகிராபர்களின் விடுதலைப் போராட்டம் ஏறக்குறைய முடிந்தது.

அவர்கள் அறுத்துப் போட்ட கயிற்றை ஓடி வந்து எடுத்தவர்கள் ஸ்டூடியோக்காரர்கள்.

ஏன் என்று புரிய, பிலிம் காலத்து விளம்பர ஸ்டூடியோவை நினைத்துப் பார்க்க வேண்டும். பிரஷர் குக்கரோ பட்டுப்புடவையோ மேஜையில் இருக்கும். போட்டோகிராபர், உதவியாளர், ஏஜென்சியின் ஆர்ட் டைரக்டர், பொருளைத் தயாரித்த கம்பெனியின் ஆள் என்று நாலு பேர் சுற்றி நிற்பார்கள். கேமராவுக்குள் பார்க்க முடிந்தவர் ஒருவர்தான். மற்ற மூவருக்கும் நம்பிக்கை வர வேண்டும். அதற்குத்தான் போலராய்டு. கேமராவின் முதுகில் போலராய்டு பெட்டியை மாட்டி ஒரு படம் எடுத்து, ஒரு நிமிஷம் காத்திருந்து, தாளைப் பிரித்து நீட்டினால் நாலு தலையும் அதன்மேல் குவியும். “ஹைலைட் அதிகமா இருக்கு”, “மூடி கொஞ்சம் திரும்பட்டும்.” திரும்பவும் ஒரு போலராய்டு. எல்லாரும் தலையாட்டிய பிறகுதான் உண்மையான பிலிம் ஓடும். அது லேபுக்குப் போய் மறுநாள் வரும்வரை போட்டோகிராபருக்கு அடிமனதில் ஒரு குடைச்சல் இருந்துகொண்டே இருக்கும்.

இந்த மேஜையைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் லீஃப் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் ஒரு டிஜிட்டல் முதுகைச் செய்தது. ஹாசல்பிளாட் போன்ற பெரிய கேமராக்களின் பின்னால் பிலிம் பெட்டிக்குப் பதிலாக மாட்ட வேண்டியது. 2048-க்கு 2048 புள்ளி, அதாவது 40 லட்சம்; டிசிஎஸ்ஸைப் போல மூன்று மடங்கு. தொழிலில் அதற்கு வைத்த செல்லப்பெயர் ‘செங்கல்’. சூளைகள் நிறைந்த திருவள்ளூர் மாவட்டத்துக்காரனுக்கு அந்த உருவத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. செங்கலுக்குத் தனி வாழ்க்கை கிடையாது. அதிலிருந்து கிளம்பும் ஒயர் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்குள் போயே ஆக வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு படம்கூட எடுக்க முடியாது.

அதில் இன்னொரு விசேஷம் உண்டு. அந்தச் சில்லுக்கு நிறம் தெரியாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வடிகட்டிகளை லென்ஸுக்கு முன்னால் சுழல விட்டு, மூன்று தடவை எடுத்து, மூன்றையும் கம்ப்யூட்டர் ஒன்றாகச் சேர்க்கும். நடுவில் பொருள் மயிரிழை அசைந்தாலும் ஓரத்தில் பச்சையும் சிவப்புமாகப் பேய் எட்டிப் பார்க்கும். ஆகவே மனுஷனை எடுக்க முடியாது. குழந்தையை, மாட்டை, மழையை எடுக்க முடியாது. செருப்பு, கடிகாரம், ஸ்பேனர், வால்வு எடுக்கலாம். கம்ப்யூட்டரோடு ஒயரில் கட்டிய கேமரா அழகிகளுக்காகவும் மலைகளுக்காகவும் பிறக்கவில்லை. பக்கத்துக்கு இருபது சரக்கு அச்சடிக்கும் கேட்லாகுக்காகப் பிறந்தது. ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில், நூற்றுக்கணக்கான அசையாப் பொருட்களை எடுக்கிறவனுக்குப் போலராய்டு செலவும் லேப் செலவும் மிச்சம். செங்கலின் விலை அந்தக் கணக்கில்தான் நியாயமானது.

இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கம்ப்யூட்டரோடு கட்டும் ஒயரே இந்த வேலைக்காகத்தான் வந்தது. கும்மிடிப்பூண்டியில் வால்வை எடுக்கப் போன நான் அதைத்தான் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

கருவி வந்துவிட்டது, கயிறு சரியாக இல்லை. செங்கல் கம்ப்யூட்டரோடு பேசியது ஸ்கஸி என்ற இணைப்பு வழியாக. விரல் தடிமனில் ஒயர், ஐம்பது ஊசி வைத்த முனை. ஒரு சங்கிலியில் ஏழு கருவி வரை கோக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்க வேண்டும். இரண்டுக்கு ஒரே எண் வந்தால் சண்டை. சங்கிலியின் இரு முனையிலும் டெர்மினேட்டர் என்ற அடைப்பான் வேண்டும். கருவிகளை முதலில் ஆன் செய்துவிட்டுக் கம்ப்யூட்டரைக் கடைசியில் ஆன் செய்ய வேண்டும். ஓடும்போது பிடுங்கினால் போச்சு. அந்தக் காலத்து ஆட்கள் ஸ்கஸியைப் பற்றிப் பேசும்போது குலதெய்வத்தைப் பற்றிப் பேசுகிற தொனி வந்துவிடும். எதற்குக் கோபம் வரும் என்று சொல்ல முடியாதாம்.

சாதாரண ஜனங்களுக்கான கேமராக்கள் இன்னொரு கூத்து. 1994-இல் வந்த ஆப்பிளின் குயிக்டேக் 100, மோடம் மாட்டுகிற சீரியல் ஒயரில் கம்ப்யூட்டரோடு பேசியது. முழு அளவில் எட்டே படம். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு முனை, தனக்கென ஒரு மொழி வைத்துக்கொண்டது. கேமராவோடு வந்த சிடி தொலைந்தால் கேமரா ஊமை. 1990களின் கடைசியில் லினக்ஸ் ஆர்வலர்கள் சிலர் ஒயரில் ஓடுவதை ஒட்டுக்கேட்டு, ஒவ்வொரு மாடலின் பேச்சையும் தாங்களாகவே கற்றுக்கொண்டு ஜிபோட்டோ என்ற இலவச மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். இன்றைக்கு அது 2,000-க்கும் மேற்பட்ட கேமராக்களின் மொழி பேசுகிறது. எந்தக் கம்பெனியும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த அகராதி இல்லை அது.

முனைகளின் குழப்பத்தைத் தீர்த்ததில் ஒரு பரோடாக்காரருக்குப் பங்குண்டு. மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா போன அஜய் பட், 1990-இல் இன்டெல்லில் சேர்ந்தார். வீட்டில் மகளின் பள்ளி வேலையை அச்சடிக்க மனைவி பிரின்டரோடு மல்லுக்கட்டியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஏழு கம்பெனிகள் சேர்ந்து 1996 ஜனவரியில் யுஎஸ்பியின் முதல் பதிப்பை வெளியிட்டன. ஓடும்போதே மாட்டலாம், பிடுங்கலாம். எண் கொடுக்க வேண்டாம், அடைப்பான் வேண்டாம். கொஞ்சம் மின்சாரமும் அதே ஒயரில் வரும். இத்தனை நல்லதைச் செய்தவர்கள் முனையை மட்டும் மூன்று தடவை திருப்பித் திருப்பிச் செருகும்படி வைத்துவிட்டார்கள். இருபுறமும் செருகும்படி செய்திருந்தால் செலவு கூடியிருக்கும் என்பது பட்டின் பதில். 2014-இல் சி வகை முனை வரும்வரை உலகமே அந்தச் சிக்கனத்தின் பலனை அனுபவித்தது.

யுஎஸ்பியின் முதல் பதிப்பு கேமராவுக்குப் போதவில்லை. நொடிக்கு 12 மெகாபிட் என்பது மவுஸுக்கும் கீபோர்டுக்கும் தாராளம். படத்துக்கு மாட்டுவண்டி. அதனால்தான் 1999-இல் நிக்கான் டி1 வந்தபோது, 400 மெகாபிட் ஓடும் ஃபயர்வயர் முனையோடு வந்தது. 2000 ஏப்ரலில் யுஎஸ்பி 2.0 வந்து வேகத்தை 480 ஆக்கியதும்தான் ஆட்டம் மாறியது.

ரோடு போட்டாயிற்று. அதில் எந்த மொழியில் பேசுவது? என் பார்வையில் இந்தக் கதையின் உண்மையான பிரசவம் இங்கேதான் நடக்கிறது. படமும் கிடையாது, நாயகனும் கிடையாது என்பதால் யாரும் இதை எழுதுவதில்லை. 2000-இல் அமெரிக்கப் புகைப்படக் கருவித் தயாரிப்பாளர் சங்கம் 15740 என்ற எண்ணில் ஒரு விதிப்புத்தகம் வெளியிட்டது. படம் மாற்றும் நெறிமுறை, சுருக்கமாகப் பிடிபி. 2005-இல் அதுவே அதே எண்ணில் ஐஎஸ்ஓ தரம் ஆனது. இன்று உங்கள் கேமராவைக் கம்ப்யூட்டரில் செருகினால் பெரும்பாலும் நடப்பது அந்தப் புத்தகத்தின்படியான ஓர் உரையாடல்.

புத்தகம் இரண்டே பாத்திரங்களை வைக்கிறது. தொடங்குபவர், பதில் சொல்பவர். கம்ப்யூட்டர் தொடங்கும், கேமரா பதில் சொல்லும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் எண். 1001 என்றால் ‘நீ யார், உனக்கு என்னென்ன தெரியும்?’ கேமரா தன் பெயர், ஊர், செய்யத் தெரிந்த வேலைகள் எல்லாம் ஒப்பிக்கும். 1002, ‘பேச்சைத் தொடங்கலாம்.’ ‘படம் எடு’ என்பதற்கும் ஓர் எண் இருக்கிறது. எடுத்து முடித்ததும் கேமரா 4002 என்று ஒரு குரல் கொடுக்கும்: ‘புதுசா ஒண்ணு வந்திருக்கு.’ உடனே கம்ப்யூட்டர் 1009 சொல்லும்: ‘அதைக் கொடு.’ ஷட்டர் விழுந்து ஓரிரு நொடியில் திரையில் வால்வு தோன்றுவதற்குப் பின்னால் இவ்வளவுதான் நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், யுஎஸ்பி 2.0 வரை கருவி தானாக வாய் திறக்க முடியாது. கம்ப்யூட்டர் விடாமல் எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே அந்த 4002 என்ற குரல்கூட, ‘ஏதாவது உண்டா, ஏதாவது உண்டா’ என்று கம்ப்யூட்டர் ஓயாமல் கேட்டதற்குக் கிடைத்த பதில்தான்.

பழைய கேமராக்களின் மெனுவில் ஒரு கேள்வி இருக்கும். பலர் புரியாமலே தாண்டிப் போயிருப்பார்கள். யுஎஸ்பியை ‘மாஸ் ஸ்டோரேஜ்’ என்று வைப்பதா, ‘பிடிபி’ என்று வைப்பதா? யுஎஸ்பி விதியில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஜாதி எண் உண்டு. மவுஸும் கீபோர்டும் 3. பிரின்டர் 7. டிஸ்க் 8. கேமரா 6. மாஸ் ஸ்டோரேஜ் என்று வைத்தால் கேமரா தன்னை 8 என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். கம்ப்யூட்டருக்கு அது வெறும் பென்டிரைவ். படங்களை அள்ளிக்கொள்ளலாம், ‘எடு’ என்று சொல்ல முடியாது. டெதர் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களில் பலர் இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள். இன்றைக்கு இதே கேள்வி சோனியில் ‘பிசி ரிமோட்’ என்றும், ஃபூஜியில் ‘டெதர் ஷூட்டிங்’ என்றும் வேறு உடுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

பொது மொழி வந்தும் வீட்டு மொழி போகவில்லை. விதிப்புத்தகம் 9000-க்கு மேல் உள்ள எண்களைக் கம்பெனிகள் இஷ்டம்போல வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. ஃபோகஸை இம்மி நகர்த்து, லென்ஸ் பார்ப்பதை நேரடியாகத் திரையில் காட்டு போன்ற முக்கியமான வேலையெல்லாம் கேனானுக்கு ஓர் எண், நிக்கானுக்கு வேறு எண். அதனால்தான் கேமரா புதிதாக வந்ததும் உங்கள் மென்பொருள் ‘தெரியாது’ என்று கையை விரிக்கிறது. டெதர் போடக் கேனான் தன் இஓஎஸ் யுட்டிலிட்டி மென்பொருளை இலவசமாகத் தந்தது; நிக்கான் பல வருஷம் தன் கேமரா கன்ட்ரோலைக் காசுக்கு விற்றது. டென்மார்க்கில் 1993-இல் தொடங்கிய ஃபேஸ் ஒன் நிறுவனம் கொண்டுவந்த கேப்சர் ஒன் ஸ்டூடியோக்காரர்களின் வீட்டுச் சமையலாகிவிட்டது. அடோபியின் லைட்ரூமுக்கு இந்த வித்தை 2010-இல் மூன்றாம் பதிப்பில்தான் வந்தது.

மீண்டும் அந்தத் தொழிற்சாலைக்கு வருவோம். விட்டுப்போன பீஸ்களை எடுக்க இரண்டு வாரம் கழித்துத் தேதி கிடைத்தது. இந்தத் தடவை ஒயரோடு போனேன்.

போனேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். முதல் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டருக்குக் கேமராவே தெரியவில்லை. வீட்டிலிருந்து எடுத்துப் போனது போன் சார்ஜரோடு வந்த ஒயர். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். சிலவற்றின் உள்ளே மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டும் இருக்கும், தகவல் கம்பி இருக்காது. மாற்று ஒயர் போட்டதும் தெரிந்தது. உடனே படம் பார்க்கும் வேறொரு மென்பொருள் தானாகத் திறந்து கேமராவைப் பிடித்துக்கொண்டது. பிடிபியில் ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேச்சு. அதை மூடினால்தான் இது பேசும். கேமராவின் வைஃபை ஆனில் இருந்ததால் சில மெனுக்கள் மங்கிக் கிடந்தன, அணைத்தேன். இரண்டு நிமிஷத்தில் தானாக அணையும் வசதியை எடுத்துவிட்டேன். லேப்டாப்பும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க யுஎஸ்பியைத் தூங்க வைக்கும், அதையும் நிறுத்தினேன். படம் கார்டிலும் விழ வேண்டும், லேப்டாப்பிலும் விழ வேண்டும் என்று வைத்தேன். ஒரு தடவை சூடு கண்ட பூனை.

ஒயரின் நீளம் ஒரு தனிப் பாடு. யுஎஸ்பி 2.0 விதிப்படி 5 மீட்டர். 2008-இல் வந்த 3.0-இல் வேகம் பத்து மடங்கு, ஆனால் சாதாரண ஒயர் 3 மீட்டருக்கு மேல் திணறும். நீளம் வேண்டுமென்றால் நடுவில் சிக்னலைத் தூக்கிவிடும் ஒயர் வாங்க வேண்டும். அமெரிக்காவின் டெதர் டூல்ஸ் விற்கும் ஆரஞ்சு ஒயரைப் பார்த்து, இது என்ன கல்யாண மேளம் என்று முன்பெல்லாம் கிண்டல் செய்திருக்கிறேன். கறுப்பு ஒயர் கால் தடுக்கும். ட்ரைபாடோடு கேமரா போய்ச் சிமென்ட் தரையில் விழுந்தால் கிண்டல் செய்ய ஆளிருக்காது. என்னிடம் இருந்தது கறுப்புதான். வெள்ளை டேப் சுற்றி வைத்தேன். கேமரா முனையில் ஒரு வளையம் விட்டு ட்ரைபாடில் கட்டினேன். இழுபட்டால் கயிறுதான் இழுபட வேண்டும், முனை அல்ல.

பீஸ் தூக்கி வைக்க ஒடிசாப் பையன் ஒருவனைக் கொடுத்திருந்தார்கள். சிப்காட்டில் பாதி ஷெட்டுகள் அவர்கள் தோளில்தான் நிற்கின்றன. நாலாவது பீஸில் திரை உறைந்து நின்றது. பையன் சத்தமாக, “சார், தார் நிகல் கயா!” என்றான். நான் குனிந்து தரையில் ரோட்டுத் தார் எங்கே ஒழுகியிருக்கிறது என்று தேடினேன். அவன் சிரித்துக்கொண்டே ஒயரைத் தூக்கிக் காட்டினான். இந்தியில் ஒயர் தார். தந்திக்கும் தார்தான். யோசித்தால் நம்மிடமும் அப்படித்தான்; வீணையில் இருப்பதும் தந்தி, 2013 ஜூலையில் நாடு முழுக்க நிறுத்தப்பட்டதும் தந்தி. கேமரா எனக்குத் தந்தி அடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முனையை இறுக்கிய பிறகும் விட்டு விட்டு அறுந்தது. காரணம் பிடிபட மதியம் ஆயிற்று. பக்கத்து ஷெட்டில் வெல்டிங் பிடிக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் கேமராவை மறந்தது. வெல்டிங் தீப்பொறி வெளிச்சத்தோடு மின்காந்த இரைச்சலையும் வாரி இறைக்கிறது. நீளமான ஒயர் ஆன்டெனாவாக நின்று அதைக் குடிக்கிறது. எலக்ட்ரீசியன் வந்து ஒயரில் ஒரு ஃபெரைட் மணியை மாட்டிவிட்டு, நீளத்தைக் குறைத்துத் தரையிலிருந்து கிளப்பிக் கட்டினார். அதோடு சரியாயிற்று. ஸ்டூடியோவில் இருபது வருஷம் இருந்தாலும் இந்தப் பாடம் கிடைத்திருக்காது.

நான் இத்தனை ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தபோது க்யூசி, அதாவது தரச் சோதனைப் பொறுப்பில் இருந்த ஆரம்பாக்கத்துப் பெண் பக்கத்தில் வந்து நின்றார். “எங்க கேமரா எல்லாம் ஒயர்லதான் சார் இருக்கு” என்று சாதாரணமாகச் சொன்னார். லைனில் சின்னக் கறுப்புப் பெட்டிகளாக நிற்கும் ஆய்வுக் கேமராக்களைச் சொல்கிறார். அவற்றுக்குக் கார்டு கிடையாது, திரை கிடையாது, ஷட்டர் பொத்தான்கூடக் கிடையாது. 2006-இல் வந்த கிக்-இ விஷன் என்ற தரத்தின்படி சாதாரண நெட்வொர்க் ஒயரில் 100 மீட்டர் வரை தள்ளி இருக்கும் கம்ப்யூட்டரோடு பேசுகின்றன. நட்டுக்கு மரை சரியா, கேஸ்கெட் உட்கார்ந்திருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பத்திரிகைக் கேமரா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, ஸ்டூடியோக் கேமரா விரும்பிக் கட்டிக்கொண்டது. தொழிற்சாலைக் கேமராவுக்கு அறுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமே வந்ததில்லை. நான் புதையல் எடுத்தவன் மாதிரிக் காட்டியது அவருக்கு அன்றாடம்.

வைஃபை இருக்கிறதே, எதற்கு இன்னும் ஒயர் என்று சிலர் கேட்பார்கள். தகரக் கூரையும் இரும்புத் தூணுமாக இருக்கும் ஷெட்டில் 40 எம்பி ரா படத்தைக் காற்றில் அனுப்பிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். 2020 ஊரடங்கில் ஒயர் இன்னொரு அவதாரம் எடுத்தது. அந்த ஏப்ரலில் கேனான், யுஎஸ்பி ஒயரில் மாட்டினாலே கேமரா வெப்கேம் ஆகும்படி ஒரு சோதனை மென்பொருளை வெளியிட்டது. முகூர்த்தம் இல்லாமல் சும்மா கிடந்த எத்தனையோ கல்யாணக் கேமராக்கள் ஆன்லைன் வகுப்புக்கு வாத்தியாரின் முகத்தைக் காட்டின. அடியில் ஓடியது அதே பழைய பேச்சுதான். ‘எடு’ என்பதற்குப் பதில் ‘காட்டிக்கொண்டே இரு.’

நாலு மணிக்கு வேலை வேகம் பிடித்துவிட்டது. பையன் பீஸைத் தூக்கி வைப்பான், நான் கேமரா பக்கமே போகாமல் ஸ்பேஸ் பாரைத் தட்டுவேன், வால்வு திரையில் விழும், ஹீட் நம்பரை நூறு சதவீதத்தில் திறந்து படிப்பேன், அடுத்தது. க்யூசிப் பெண் கையில் நோட்டோடு நம்பரைச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஆறு அங்குல கேட் வால்வு ஒன்று. பெயின்ட் போடாத பீஸ், கேட்லாகின் அட்டைக்கு என்று எடுத்து வைத்திருந்தது. வெளிச்சம் பிரமாதமாக அமைந்தது. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

“சார், அந்த எடத்த இன்னும் பெருசு பண்ணுங்க.”

பண்ணினேன். ஃபிளேஞ்சும் உடம்பும் சேரும் வளைவில், கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. லென்ஸில் தூசி என்றேன். அவர் திரையைப் பார்க்காமல் பீஸுக்குப் போய், குனிந்து, நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு சாக்பீஸ் எடுத்து அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

“ப்ளோ ஹோல். காத்து அடைச்சுக்கிட்டு வார்ப்பு விழுந்திருக்கு.” நோட்டில் ஹீட் நம்பரை எழுதிக்கொண்டார். “இதே ஹீட்ல இன்னும் பதினோரு பீஸ் பேக்கிங்ல இருக்கு. நிறுத்தச் சொல்லிட்டு வந்துடறேன் சார்.”

பையன் வால்வைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தான். அது உலைப் பக்கம் போனது.